பதினேழாம் நாள்

சூசைராஜ் ஐந்து மணிக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர் இறைத்தான். ஒற்றை ஆளுக்கு ஒரு குடம் போதும். இரண்டாவது குடம் தொடாமல் அப்படியே இருக்கும்; மறுநாள் காலையில் அதை முருங்கைக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் இரண்டு குடம் இறைப்பான். எட்டு மாதமாக இப்படித்தான். முருங்கை நன்றாக வளர்ந்திருந்தது.

ஸ்டவ்வுக்குப் பம்பு அடித்துக் காப்பி போட்டான். நின்றுகொண்டே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சவரம் செய்தான். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. ஆனாலும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு சாவி. மணி ஆறரை. இனி மதியம்வரை செய்ய ஒன்றுமில்லை.

ஏழரைக்கு வாசலில் குரல் கேட்டது.

"சார் இருக்கீங்களா?"

கொன்றைவிடுதி பெரியண்ணன். முதல் பஸ்ஸில் வந்திருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கடலை போட்டுக்கொண்டிருந்த சம்சாரி. இப்போது பஞ்சாயத்துத் தலைவர். தோள் துண்டு முன்னைவிட ஒரு முழம் நீண்டிருந்தது. பின்னால் அவர் மகள் சின்னப்பிள்ளை, கையில் குடையோடு. பத்தொன்பது வயது. பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர்.

"வாங்க, உக்காருங்க" என்றான் சூசைராஜ்.

பெரியண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "கல்லு வந்துருச்சு சார். கருங்கல்லு. நம்ம சேவிகாம்மா பேரை வெட்டி இளைஞர் மன்றத்து முகப்புல பதிக்கப் போறோம். ஆடிப் பதினெட்டுக்கு வைக்கலாம்னு ஊர்ல பேச்சு. பேரு, ஊரு, பொறந்தது, மறைஞ்சது எல்லாம் எழுதியாச்சு. கடைசியா அவுக சொன்ன வார்த்தையையும் போட்டா எடுப்பா இருக்கும்னாங்க. அதையும் எழுதிட்டோம். நீங்க ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா வெட்டக் குடுத்துருவேன்."

சூசைராஜ் வாங்கிப் படித்தான். கடைசி வரி இப்படி இருந்தது: 'ஊரும் உழவும் தழைக்க வேண்டும் என்பதே தமது இறுதி விருப்பம் என மொழிந்து மறைந்தார்.'

"இதை எழுதினது யாரு?"

"பிளாக் ஆபீஸ் கிளார்க்கு. நல்லாத் தமிழ் தெரிஞ்ச மனுசன்."

"அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரா?"

"இல்லீங்க."

சூசைராஜ் காகிதத்தைப் பழையபடி மடித்தான். இது புதிதல்ல. இறந்துபோன அவன் மனைவி அமலராணியின் அம்மா, மகள் 'இயேசு மரி சூசை' என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடியதாகச் சொல்லிவருகிறாள். முப்பதாம் நாள் பூசையில் பங்குச் சாமியாரும் அதையே பிரசங்கத்தில் சொன்னார். அவள் கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. அதனால் ஆளுக்கொரு கடைசி வார்த்தை முளைத்துவிட்டது.

"அப்புறம் சார், அந்தச் சாவி" என்றார் பெரியண்ணன், ஆணியைப் பார்த்து. "ஆடிப் பட்டத்துக்கு உர மூட்டை வருது. எறக்கி வைக்க எடமில்ல. மன்றம் சும்மாதானே பூட்டிக் கெடக்கு. கல்லு வெளியில இருக்கும், மூட்டை உள்ள இருக்கும். ஒண்ணுக்கொண்ணு எடைஞ்சல் கெடையாது."

"கல்லு வெளியில, மூட்டை உள்ள" என்றாள் சின்னப்பிள்ளை வாசற்படியிலிருந்து. "செத்தவங்களுக்குக் கல்லு, உயிரோட இருக்கிறவங்களுக்கு உரம்."

"நீ சும்மா இரு. சாருக்குப் பழக்கமான பிள்ளைன்னுதானே ஒன்னையக் கூட்டியாந்தேன்?"

"நீங்க கூட்டியாரலப்பா. நான் பஸ் ஏறினேன். நீங்க எனக்குப் பின்னாடி ஏறினீங்க."

சூசைராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டுக் கொல்லையில் அவள் தங்கியிருந்தாள். அன்று அவள் சக்கரம் வைத்த ஒரு குடிசைக்குள் இருந்தாள்.

*

அமலராணி ஆவூர்ப் பக்கம். கம்பும் கடலையும் போடுகிற வேதக்காரக் குடும்பம். நாற்பத்தெட்டில், புதுக்கோட்டைச் சமஸ்தானம் கலைந்து திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம், அவளுக்குப் பதினேழு வயது. கன்னியர் மடத்தில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஓட்டப் பந்தயம் விட்டாள். சாமியார் வந்து பார்த்தார்.

"பொம்பளப் பிள்ளைங்க ஓடி எங்கம்மா போகப் போகுதுங்க?"

"அது ஓடி முடிச்சாத்தான் சாமி தெரியும்."

அந்தப் பதில் அவள் போகிற ஊருக்கெல்லாம் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. சூசைராஜ் பெண் பார்க்கப் போனபோது, "பொண்ணுக்கு வாய் மட்டும் கொஞ்சம் நீளம்" என்று தரகர் முன்கூட்டியே சொல்லிவைத்தார். அவன் புதுக்கோட்டைக் காலேஜில் பி.ஏ. படித்து, பி.டி.யும் முடித்து, ஹைஸ்கூலில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தான். எதையும் சட்டப்படி செய்கிறவன் என்று பெயர். காப்பித் தட்டோடு வந்தவள் தட்டை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்:

"நான் வேலைக்குப் போவேன். நிறுத்தச் சொல்லுவீங்களா?"

"மாட்டேன்" என்றான். அவன் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

ஐம்பத்தாறில் கிராம வளர்ச்சிக்கென்று பிளாக் வந்தது. அவள் கிராம சேவிகாவானாள். புகையில்லா அடுப்பு, கீரைப் பாத்தி, மாதர் சங்கம் என்று சர்க்கார் கொடுத்த வேலை. அதையெல்லாம் செய்தாள். ஆனால் மனசு அதில் இல்லை. "பெரியவங்களுக்கு அடுப்பை மாத்தலாம், ஆளை மாத்த முடியாது" என்பாள். "பன்னெண்டு வயசுக்கும் இருபதுக்கும் நடுவுல இருக்கிறதுங்கதான் எனக்கு வேணும்."

கொன்றைவிடுதியில் அப்போதே ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. பதினொரு பையன்கள், புளியமரத்தடியில் ஒரு வாலிபால் வலை, அவ்வளவுதான். முதல் நாள் போனவள் பையன்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணினாள்.

"பொம்பளப் பிள்ளைங்க எங்கடா?"

"அதுங்க வீட்டுல இருக்குக்கா."

"என்ன பண்ணுதுங்க?"

பதினொரு பேரில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தில் பெண் வயசுக்கு வந்துவிட்டால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டி, வாசலுக்கு ஒதுக்குப்புறமாகக் குச்சு கட்டுவார். பதினாறு நாள் பெண் அதற்குள்தான். குறுக்கே ஓர் உலக்கை, பக்கத்தில் காத்துக் கருப்பு அண்டாமல் இரும்புக்கு ஓர் அரிவாள், தனித் தட்டு, தனித் தம்ளர், வேளைக்கு உளுந்தங்களி. பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சடங்கு சுற்றி, குச்சைக் கொளுத்திவிடுவார்கள். படிக்காதே என்று அதற்குப் பிறகு யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள், அவ்வளவுதான்.

குச்சுக்குள் இன்னொருவர் நுழையக்கூடாது. தீட்டு. ஆனால் அமலராணி நுழைந்தாள். முதல் தடவை நுழைந்தபோது பெண்கள் பதறினார்கள். அவர்களில் ஒருத்தி, "விடுங்கடி, அவுக வேதக்காரவுக. வேதத்துல தீட்டுக் கெடையாது" என்றாள். அதோடு விஷயம் முடிந்தது.

அது சுத்தத் தப்பு. ஆவூரில் அமலராணியின் சொந்த அம்மாவே அவளை நெல் போடுகிற அறையில் பதினாறு நாள் பூட்டிவைத்தவள்தான். சூசைராஜின் அக்காவுக்கும் அதே கதைதான்.

"தப்புன்னு அவங்ககிட்டச் சொல்ல வேண்டாமா?" என்று சூசைராஜ் அவளிடம் கேட்டான்.

"எதுக்கு? நானா பொய் சொன்னேன்? அவங்களாத் தப்பா நெனச்சிருக்காங்க. கதவு தொறந்து கெடக்கு, நான் போறேன்."

எந்த ஊரில் குச்சு கட்டினாலும் மாற்றுத்துணி கொடுக்கிற வண்ணாத்தி மூலமாக அவளுக்கு முதலில் தகவல் வந்துவிடும். போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்வாள். "இந்த ஊருல ஒரு பொண்ணுக்கு ஆயுசுக்கும் கெடைக்கிற லீவு இந்தப் பதினாறு நாளுதான்" என்பாள். தண்ணீர் தூக்க வேண்டாம், மாடு கட்ட வேண்டாம். யோசிக்கலாம். எந்தக் குச்சுக்குள் போனாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்:

"பதினேழாம் நாள் என்ன செய்யப் போற?"

அந்தப் பிள்ளைகளை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. திருதிருவென்று விழிக்கும். பிறகு ஏதாவது சொல்லும். அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். நோட்டு இன்னும் சூசைராஜின் பெட்டியில் இருக்கிறது. 'தெரியாது.' 'மாடு பிடித்துக் கட்டுவேன்.' 'அத்தை மகனைக் கட்டிக்கச் சொல்வார்கள்.' 'பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவேன்.' 'எங்கள் மாமனை அடிப்பேன்.' எழுதிக்கொண்டு வந்துவிடுவாள். இரண்டு நாள் கழித்துப் போய் அதே கேள்வியை மறுபடியும் கேட்பாள். இது செய், அது செய் என்று அவள் ஒருத்திக்கும் சொன்னதில்லை. பதினாறு நாளுக்குள் பதில் தானாக மாறும்.

ஐம்பத்தேழு சித்திரையில் சின்னப்பிள்ளை குச்சில் உட்கார்ந்தாள். கொன்றைவிடுதியில் எட்டாம் வகுப்புவரை வந்த ஒரே பெண். இ.எஸ்.எல்.சி. சர்க்கார் பரீட்சை. அதில் தேறினால் டீச்சர் டிரெயினிங் போகலாம். அமலராணி வழக்கம்போலக் கேட்டாள். பிள்ளை அழுதுகொண்டே பதில் சொன்னது:

"பரீட்சை ஏழாம் நாளே வருது டீச்சர். பதினேழாம் நாள் நான் இருந்து என்ன செய்ய?"

நோட்டில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறது.

பெரியண்ணனிடம் மூன்று நாள் பேசிப் பார்த்தாள். "பரீட்சை அடுத்த வருசமும் வரும். சடங்கு வருமா?" என்றார். நாலாம் நாள், "குச்சை விட்டு அவ கால் வெளிய வரக்கூடாது. இதுக்கு மேல பேச்சு இல்ல" என்றார்.

"சரிங்க. குச்சை விட்டு அவ கால் வெளிய வராது" என்று அமலராணி எழுந்தாள். எழுந்தவள் நேராக வண்டிக்காரர் அய்யாக்கண்ணு வீட்டுக்குப் போனாள்.

அய்யாக்கண்ணு சின்னப்பிள்ளையின் தாய்மாமன். குச்சு கட்டியவர் அவர்தான். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெரியவளான சேதியைத் தனக்கு முதலில் சொல்லாமல் பங்காளிகளுக்குச் சொல்லிவிட்டார்கள் என்பது அவர் மனத்தாங்கல்.

"குச்சு கட்டுற உரிமை யாருதுண்ணே?" என்று கேட்டாள் அமலராணி.

"இதென்ன கேள்வி? தாய்மாமனுது."

"எந்த எடத்துல கட்டணும்னு சொல்றது?"

"அதுவும் நாந்தான்."

"தன் வாசலை விட்டு நகரக்கூடாதுன்னு ஒங்க மாப்பிள்ளை சொல்றாரே."

"அவரு யாரு அதைச் சொல்ல?"

"அதத்தான் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். குச்சை வண்டி மேல கட்டலாமாண்ணே?"

அய்யாக்கண்ணு வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு எழுந்துபோய் வண்டிக் கூண்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

மன்றத்துப் பையன்கள் பதினொரு பேரும் பனை ஏறி ஓலை வெட்டினார்கள். ஏழாம் நாள் விடியற்காலையில் வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி, அதன் வாயைப் பழைய குச்சின் வாயோடு ஒட்டி நிறுத்தினார்கள். சின்னப்பிள்ளை உலக்கை, அரிவாள், தட்டு, பேனா, ஹால் டிக்கெட்டோடு இந்தக் குச்சிலிருந்து அந்தக் குச்சுக்கு ஏறினாள். கால் மண்ணில் படவில்லை.

பெரியண்ணன் ஓடிவந்து மாட்டுக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், என்ன இது கூத்து?"

"கூத்து இல்ல மாப்ள. குச்சு."

"குச்சுக்கு எங்கயாவது சக்கரம் உண்டாய்யா?"

"என் மருமக குச்சுக்கு உண்டு. பச்சை ஓலைதான், தொட்டுப் பாரும். மாமன் கட்டுனதுதான், கேட்டுப் பாரும். என்ன கொறை?"

"ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். சேதி சொல்றப்ப என்னைய விட்டீரே, அப்பவும் ஊரு சிரிச்சுச்சு. வெலகும். மாடு முட்டுனா என்னையச் சொல்லக்கூடாது."

பெரியண்ணன் விலகினார். ஏழு மைல். வழி நெடுகப் பச்சைக் குச்சு ஒன்று ரோட்டில் ஆடி ஆடிப் போவதைக் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அமலராணி வண்டிக்கு முன்னால் நடந்தாள்.

பரீட்சை சென்டர் சூசைராஜின் பள்ளிக்கூடம். மூன்றாம் நம்பர் அறைக்கு அவன்தான் மேற்பார்வை. வாசலில் அதற்குள் பத்துப் பதினைந்து பெற்றோர் கூடிவிட்டார்கள். தீட்டுப் பெண்ணைத் தங்கள் பிள்ளைகளோடு உட்காரவைக்கக்கூடாது என்று சத்தம். பரீட்சைப் பொறுப்புக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த சீஃப் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சூசைராஜைப் பார்த்தார்.

"தாழ்வாரத்தில் தனியாக ஒரு மேசை போட்டுவிடலாம் சார்" என்றான் சூசைராஜ்.

ஆம், அவன்தான் சொன்னான். வேறு யாரும் சொல்லவில்லை.

அமலராணி அவனைப் பார்த்தாள். வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வை இல்லை. "சார், அவ நம்பரை எங்க ஒட்டியிருக்கீங்க?"

"மூன்றாம் அறையில்."

"அப்ப அங்கதான் உக்காருவா. நம்பரைப் பிச்சுத் தாழ்வாரத்துல ஒட்டணும்னா ஒட்டுங்க. ஒட்டிட்டு, எதுக்காக ஒட்டினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் திருச்சியில ஒங்க மேலதிகாரிகிட்ட எடுத்துட்டுப் போறேன்."

அய்யாக்கண்ணு வேறு கட்சி பேசினார். தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்தார். "இது ஓடு. ஆகாது." மூன்றாம் அறையை எட்டிப் பார்த்தார். போன வருஷம் இடம் போதாமல் கீற்று வேய்ந்து இழுத்த அறை அது. "இது ஓலை. இதுவும் குச்சுதான். ஆத்தா, நீ உள்ள போ."

சூசைராஜ் சீஃபிடம் திரும்பினான். "நம்பர் உள்ளேதான் ஒட்டியிருக்கிறது சார். விதிப்படி அவள் உள்ளேதான் உட்கார வேண்டும்" என்றான். 

"அரிவாளோடயா?"

"அது என் மேசையில் இருக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. ஐந்து நாளும் கேள்வித்தாள் கட்டுக்குப் பக்கத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். அந்த வருஷம் அந்த அறையில் யாரும் காப்பி அடிக்க முயலவில்லை, ஒருவனைத் தவிர. சின்னப்பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் முதலில் பெஞ்சின் கோடிவரை நகர்ந்து உட்கார்ந்தான். அரை மணி கழிந்தது. கணக்கு வரவில்லை. மெதுவாக இந்தக் கோடிக்கு வந்து அவள் பேப்பரில் கழுத்தை நீட்டினான். தீட்டு அரை மணிதான் தாங்கியது.

அந்த ஐந்து நாளும் வண்டி சூசைராஜின் வீட்டுக் கொல்லையில் நின்றது. அவள் குச்சுக்குள்ளிருந்து மறுநாள் பாடத்தை ஒப்பித்தாள். அமலராணி வெளியில் கீரை ஆய்ந்துகொண்டே திருத்தினாள்.

சின்னப்பிள்ளை பாஸானாள். அடுத்த வருஷம் மூன்று ஊர்களிலிருந்து மூன்று வண்டிகள் வந்தன.

கொன்றைவிடுதி மன்றத்துக்குப் புளியமரத்தடி போதவில்லை. புறம்போக்கில் ஓர் ஓலைக் கொட்டகை போட்டார்கள். ஒரு பக்கம் பையன்கள், ஒரு பக்கம் சடங்கு முடிந்த பெண்கள். பேப்பர் படிப்பது, மனு எழுதுவது, தையல், சடுகுடு. ஊரில் அதற்குக் கேலியாகச் 'சேவிகாம்மா குச்சு' என்று பெயர் வைத்தார்கள். ஐம்பத்தொன்பதில் ஒரு மத்தியானம் யாரோ அதற்குத் தீ வைத்துவிட்டார்கள். குச்சு என்றால் கொளுத்தத்தானே வேண்டும் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள்.

அமலராணி டீக்கடைக்கே போனாள்.

"கொளுத்தியாச்சா? நல்லதாப் போச்சு. அப்ப சடங்கு முடிஞ்சுது. மன்றம் வயசுக்கு வந்துருச்சு. இனிமே ஓலை வேண்டாம், ஓட்டு வீடாக் கட்டப் போறோம். வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பத்து ஓடு. யார் தர மாட்டீங்கன்னு இப்பவே சொல்லிருங்க."

யாரும் சொல்லவில்லை. பையன்கள் மண் குழைத்தார்கள், பெண்கள் சுவர் வைத்தார்கள். பத்து ஓடுகளை முதலில் தலையில் சுமந்துவந்து இறக்கியவர் பெரியண்ணன். மகள் அப்போது டிரெயினிங்கில் இருந்தாள்.

அறுபத்தொன்று நவம்பரில் அமலராணிக்குக் காமாலை. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. முப்பது வயது. கைப்பையை அவனிடம் கொடுத்தார்கள். உள்ளே மன்றத்துச் சாவி இருந்தது. அவன் ஆணி அடித்து மாட்டினான். ஏழாம் நாள் பூசை வைத்தான். பதினாறாம் நாள் உறவுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்கள். பதினேழாம் நாள் அவன் பள்ளிக்கூடம் போனான், பாடம் எடுத்தான், திரும்பிவந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

*

"சாவியைத் தர முடியாது" என்றான் சூசைராஜ்.

பெரியண்ணன் எதிர்பார்க்கவில்லை. "சார், கல்லுகூட வைக்கிறோமே..."

"கல்லும் வேண்டாம். அது உரக்கிடங்கு இல்லை. அவள் கட்டிய இடம். அதில் மூட்டை அடுக்க விடமாட்டேன். அப்படியே இருக்கட்டும்."

சொல்லி முடித்தபோது அவனுக்கே கொஞ்சம் தைரியமாக இருந்தது. எட்டு மாதத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான். சின்னப்பிள்ளை தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்துத் திரும்பினான்.

அவள் முகம் சிவந்திருந்தது.

"அப்படியே இருக்கட்டும்னா எப்படி சார்? பூட்டியேவா?"

"பாதுகாப்பாக..."

"யார்கிட்டேருந்து பாதுகாப்பு? எங்கப்பா மூட்டை வைக்க இன்னிக்குத்தான் வந்து நிக்கிறாரு. எட்டு மாசமா அதைப் பூட்டி வச்சிருக்கிறது நீங்க. தைமாசம் சாவி கேட்டு நாலு பிள்ளைங்களை அனுப்பினேன். கதவைத் தொறக்காம 'அப்புறம் பார்க்கலாம்'னு உள்ளேருந்தே சொல்லியனுப்பினீங்க. அதுங்க மறுபடி புளியமரத்தடியில உக்காந்துச்சுங்க. மழை பேஞ்சுச்சு, போயிருச்சுங்க. ஒருத்திக்குக் கல்யாணமே ஆயிருச்சு. பதினாலு வயசு."

"ஏய், சார்கிட்ட என்ன பேச்சு இது?" என்றார் பெரியண்ணன்.

"நீங்க பேசாதீங்கப்பா. பூட்டிக் கெடக்குன்னுதானே ஒங்களுக்கு மூட்டை ஞாபகம் வந்துச்சு? தொறந்து கெடந்தா வருமா?" அவள் மறுபடி அவன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது, விடவில்லை. "டீச்சர் இருந்திருந்தா ஒங்களை இப்படி உக்கார விட்டிருப்பாங்களா சார்? நேத்து எங்க ஊருல தங்கமுத்து மக குச்சுல உக்காந்திருக்கு. உள்ள போகலாம்னு போனேன். 'நீ என்ன வேதக்காரியா? தீட்டு, தள்ளி நில்லு'ங்கிறாங்க. அப்படியும் விடலை. உள்ள போயி டீச்சர் கேக்கிறதைக் கேட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'மன்றம் தொறந்திருந்தா சொல்றேன்'னுச்சு. நான் என்னத்த எழுத?"

சூசைராஜ் முகத்தைத் திருப்பினான். கொல்லைக் கதவு வழியாக முருங்கை தெரிந்தது. வண்டி நின்ற இடத்தில்தான் அது நின்றது. தாழ்வாரத்தில் மேசை போடலாம் என்று தான் சொன்ன குரல் அவனுக்குக் கேட்டது. அதே குரலில்தான் இப்போதும் பேசியிருக்கிறான்.

எழுந்தான். ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். பெரியண்ணன் கையை நீட்டினார். சூசைராஜ் அந்தக் கையைத் தாண்டிப் போய்ச் சின்னப்பிள்ளையிடம் கொடுத்தான். பிறகு பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தான். அதில் இன்னும் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள்.

"இதில் எழுது" என்றான். "இன்னொரு சாவி செய்து பையன்களிடம் கொடு. சனி, ஞாயிறு நானும் வருகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு என்னால் சொல்லித்தர முடியும்."

"அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு சார்" என்றாள் அவள்.

செருப்பை மாட்டிக்கொண்டான். தொடாத குடத்துத் தண்ணீரை அன்றைக்கே முருங்கைக்குக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

பெரியண்ணன் பெஞ்சை விட்டு எழவில்லை. காகிதம் கையிலேயே இருந்தது. "அப்ப மூட்டைய எங்க வைக்கிறது?"

"ஒங்க வீட்டுத் தாழ்வாரத்துல வைங்கப்பா. ஓடுதானே, ஆகும்" என்றாள் மகள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். "சரி, கல்லு வந்து எறங்கிருச்சே. அதுல என்னத்த வெட்டறது? அம்மா கடைசியா என்னதான் சார் சொன்னாங்க? ஒங்களுக்குத்தானே தெரியும்?"

"சொல்லவில்லை, கேட்டாள்" என்றான் சூசைராஜ்.

ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் சாயங்காலம். அவன் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். அவள் தூங்குகிறாள் என்று நினைத்தான். திரும்பினால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் மஞ்சள். எந்தக் குச்சுக்குள் போனாலும் அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பாளே, அதே பார்வை. பதில் வரும்வரை எழுந்து போகாத பார்வை. சாமி பெயர் இல்லை, ஊர் இல்லை, உழவு இல்லை. அவள் கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. "பேசாதே, தூங்கு" என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை.

கதவைப் பூட்டாமல் தெருவில் இறங்கி நின்று, அவள் கேட்டதை அவள் கேட்டபடியே அவர்களிடம் சொன்னான்:

"பதினேழாம் நாள் என்ன செய்யப் போறீங்க?"